மியூனிக் வருகிறவர்கள் துண்டு கொண்டு வரவும்

1

கோடை விடுமுறை நெருங்கினால் போதும், ஊரிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும்.

“ஏலே, நாங்க குடும்பத்தோட டூர் வாரோம். மியூனிக்ல ரெண்டு நாளு நிக்கோம். என்னத்தப் பாக்கலாம், எங்கன திங்கலாம், சொல்லுலே.”

பேசுகிறவர் என்னோடு மூன்றாம் வகுப்பு படித்தவராக இருப்பார். இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரரின் சம்பந்தியாக இருப்பார். அரண்மனை, அருங்காட்சியகம், கார் கண்காட்சி என்று நான் அடுக்கிக்கொண்டே போவேன். எல்லாவற்றுக்கும் ‘ம்’ கொட்டிவிட்டு, இந்த வருடம் புதிதாகக் கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்கிறார்: “அது சரி, நம்ம ஜவுளிக்கடை அண்ணாச்சி ஆத்துல குளிச்ச இடம் இருக்குல்லா, அதைக் காட்டுவியா?”

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துப்போய்விட்டதால் எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் கல்லிடைக்குறிச்சியை விட்டு இந்த நகரத்துக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கார்களுக்கு உதிரிபாகம் வடிவமைக்கும் அலுவலகத்தில் வேலை. மனைவி இங்கே ஒரு மருத்துவமனையில் நர்ஸ். ஒரே மகள் கோமதி, இங்கேயே பிறந்தவள், பதினேழு வயது. இத்தனை வருடம் இருந்தும் இந்த நகரத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான் என்பது போன கோடையில் அம்பலமாகிவிட்டது. அம்பலப்படுத்தியவர் மேற்படி ஜவுளிக்கடை அண்ணாச்சி. அவர் என் அக்காவின் வீட்டுக்காரர்.

2

அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஊர் சுற்றிப் பார்க்க என்றுதான் எல்லாரிடமும் சொன்னோம். உண்மையில் நான் ஒரு காரியமாகத்தான் வரவழைத்தேன்.

அதுவரை கோமதி கடைசியாகக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்தது பத்து வயதில். போன வீட்டிலெல்லாம் அவளை நடுக்கூடத்தில் நிறுத்திவைத்து, “ஜெர்மன்ல ஏதாச்சும் பேசிக் காட்டு” என்றார்கள். பேசினாள். சிரித்தார்கள். “இப்பம் தமிழ்ல பேசிக் காட்டு” என்றார்கள். அதையும் பேசினாள். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பிரியம்தான். ஆனால் பிள்ளை மனதில் அது ஆழமாக விழுந்துவிட்டது. அடுத்த வருடத்திலிருந்து, “நீங்க போயிட்டு வாங்க, நான் வரல” என்று தோழி வீட்டில் தங்கிவிட்டாள். கெஞ்சினேன், கோபப்பட்டேன், புதுப் போன் வாங்கித் தருவதாக ஆசை காட்டினேன். அசையவில்லை.

அடுத்த வருடம் பள்ளிப் படிப்பு முடிந்துவிடும். மேல்படிப்புக்கு வேறு நகரத்துக்குப் போய்விடுவாள். பிறகு அவள் விடுமுறை அவளுடையது. அப்பனே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டுதான் பார்க்கப் போக வேண்டியிருக்கும். அதற்குள் ஒரே ஒரு தடவை, அவள் வாயால் ‘வருகிறேன்’ என்று சொல்லி, அவளை ஊருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் பெரிதாக இல்லை. அவள் ஊருக்கு வரமாட்டாள் என்றால் ஊரை அவளிடம் கொண்டுவந்துவிடுவோம் என்று யோசித்துத்தான் அக்காவையும் அத்தானையும் அழைத்தேன்.

விசாவுக்காக, வருகிறவர்களுக்கு நான் பொறுப்பு என்று இங்கே ஒரு அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அங்கிருந்த அம்மாள் அத்தானின் உறவுமுறை கேட்டார். அக்காவின் கணவர் என்றேன். வேறு உறவு உண்டா என்றார். என் தாய்மாமன் மகனும்கூட என்று உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

“அப்படியானால் உங்கள் அக்காவோடு இரண்டு ஆண்கள் வருகிறார்களா?”

“இல்லை, ஒரே ஆள்தான்.”

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைந்தார். எங்கள் குடும்ப மரத்தில் கிளைகள் மேலே போய்த் திரும்பவும் அடிமரத்துக்கே வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, “மைத்துனர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மீது எனக்கு நம்பிக்கை இருக்கிறது” என்று எனக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

3

இனி யோசனைகள்.

டிக்கெட் வாங்கிவிட்டோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரயிலில் உட்கார்ந்துவிடாதீர்கள். வாங்கிய டிக்கெட்டை நடைமேடைக்குப் போகும் வழியில் உள்ள சின்ன இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தவும் வேண்டும். குத்தாத டிக்கெட்டும் இல்லாத டிக்கெட்டும் ஒன்றுதான். கண்டக்டர் கிடையாது, ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர்கள் வருவார்கள். “குடுக்கதுக்கு ஆளில்ல, கேக்கதுக்கு மட்டும் ஆளு வாரானாக்கும்” என்றாள் அக்கா. பயத்தில் போகிற இடமெல்லாம் கண்ணில் பட்ட இயந்திரத்திலெல்லாம் டிக்கெட்டைச் செருகப் பார்த்தாள்.

சிவப்பு விளக்கு எரிந்தால் நில்லுங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். “யாருக்காவலே நிக்கோம்?” என்று கேட்டார் அத்தான். விளக்குக்காக என்றேன். பக்கத்தில் நின்ற மூதாட்டி எங்களைப் பார்த்து மெச்சுதலாகப் புன்னகைத்தார்.

நகரச் சதுக்கத்தில் பழைய மணிக்கூண்டு இருக்கிறது. முற்பகலில் அதிலுள்ள பொம்மைகள் வெளியே வந்து ஆடும். உலகமே கூடி, கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கும். நாங்களும் பார்த்தோம். “அம்புட்டுதானா?” என்றார் அத்தான். “நெல்லையப்பர் கோயில் கல்தூணைத் தட்டுனா சங்கீதமே வரும். ஒரு பய நின்னு பாக்க மாட்டான். இங்கன பாரு, என்னா கூட்டம்!” ஆகவே மணிக்கூண்டைப் பார்ப்பதும் பார்க்காததும் உங்கள் கழுத்தைப் பொறுத்தது.

பியர் தோட்டங்களுக்குத் தயங்காமல் போகலாம். குடிக்க வேண்டிய கட்டாயமில்லை; ஆப்பிள் சாறு கிடைக்கும். நம் ஆட்களுக்கு முக்கியமான விஷயம், பழைய தோட்டங்களில் கட்டுச்சோறு கொண்டுபோய்ச் சாப்பிட அனுமதி உண்டு. அக்கா கஷ்கொட்டை மரத்தடியில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்த அழகைப் பக்கத்து மேசைக்காரர்கள் பியரை மறந்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் கிடையாது, சத்தமும் கிடையாது. இது தெரியாமல் அக்கா மிக்ஸியில் தேங்காய்த் துவையல் அரைத்தாள். கீழ்வீட்டுக்காரர் மணியடித்து, இன்று ஞாயிற்றுக்கிழமை என்று மரியாதையாக ஞாபகப்படுத்தினார். அக்கா அவர் கையில் இரண்டு தோசையும் துவையலும் வைத்த தட்டைத் திணித்து அனுப்பினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே மணியடித்து, இன்று சத்தம் உண்டா என்று விசாரித்தார்.

மொழியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஜெர்மனில் யாரை ‘நீ’ போடுவது, யாரை ‘நீங்கள்’ போடுவது என்பதில் எனக்கே இன்னும் தடுமாற்றம்தான். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற பயத்தில் பக்கத்து வீட்டு நாயையே நான் பல வருடம் ‘நீங்கள்’ போட்டுத்தான் கூப்பிட்டேன். நாய் நல்ல நாய், திருத்தவில்லை.

4

இவ்வளவு யோசனைகள் கைவசம் இருந்தும், அவர்கள் வந்த ஒரு வாரத்தில் என் காரியம் கவிழ்ந்துவிடும் போலிருந்தது.

கோமதி அறையை விட்டு வெளியே வருவாள். “ஹலோ மாமா, ஹலோ அத்தை” என்பாள். தட்டில் இருப்பதைச் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள், கதவைச் சாத்திக்கொள்வாள். அக்கா ஏதாவது கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். அன்று ஊரில் நடுக்கூடத்தில் நின்ற பிள்ளையின் முகம் அது. அக்காவுக்குப் புரிந்துவிட்டது, அதிகம் கேட்பதை நிறுத்திக்கொண்டாள்.

அத்தானோ நாளுக்கு நாள் வாடினார். அம்பாசமுத்திரம் கடையில் நின்றால் தெருவில் போகிறவர்களைச் சிரித்தே உள்ளே இழுக்கிற மனிதர், சன்னல் பக்கம் உட்கார்ந்து வெறிக்க ஆரம்பித்தார். சாப்பாடு குறைந்தது. காரணம் எங்கள் குளியலறை. கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று தலைக்கு மேல் பீய்ச்சுகிற தண்ணீரில் அவர் ஒரு வாரம் நின்றுபார்த்தார். “நனைஞ்சேம்லே மாப்ள. குளிக்கல” என்றார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. விடிந்ததும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு படித்துறைக்குப் போவதில்தான் அவருக்கு நாளே தொடங்கும். ஆற்றில் கழுத்தளவு நின்றபடிதான் ஊர்ச் சங்கதிகள் எல்லாம் கைமாறும்: யார் மகளுக்கு வரன் வந்தது, எந்த வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறான், எவன் கடையைக் காலி செய்கிறான். மூன்று முங்கு போட்டு ஏறி வந்தால்தான் காப்பி இறங்கும், கடை திறக்கும். கல்யாணத்தன்று காலையில்கூட ஆற்றுக்குப் போய்விட்டு வந்தவர் என்று அக்கா இன்னும் குத்திக்காட்டுவாள். விமான நிலையத்திலிருந்து வரும்போதே பாலத்தில் காரை நிறுத்தச் சொல்லி, “இது என்ன ஆறு?” என்றார். ஈசர் என்றேன். “பேரு நல்ல பேருதான். படித்துறை எங்கன?” என்றார். நான் பெரிய அனுபவஸ்தன் மாதிரிச் சிரித்து, “இங்கெல்லாம் ஆத்துல யாரும் குளிக்க மாட்டாங்க அத்தான்” என்றேன். இருபது வருடமாக நான் அந்த ஆற்றைப் பாலத்தின் மேலிருந்து, அதுவும் அலுவலகம் போகிற அவசரத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம் அக்கா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள். “அவுகளுக்கு இங்கன இருப்புக் கொள்ளல. டிக்கெட்டை முன்னாடி மாத்த முடியுமான்னு பாரு.”

இவர்களும் போய்விட்டால் கோமதியை ஊருக்குக் கூட்டிப்போக இனி எந்த வழியும் இல்லை. பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

5

மறுநாள் காலை அத்தானைக் காணவில்லை. செருப்பு இல்லை. போன் மேசை மேலேயே கிடந்தது.

நான் பதறிப்போய்ப் போலீசுக்குச் சொல்லலாமா என்று நிற்கிறேன். அக்கா குளியலறையை எட்டிப்பார்த்துவிட்டு நிதானமாக வந்தாள். “துண்டைக் காணோம், சோப்பு டப்பாவைக் காணோம். ஆத்துக்குத்தான் போயிருக்காவ. இதுக்கு எதுக்கு இந்தப் பதறு பதறுத?”

“இங்க ஆத்துல குளிக்கக் கூடாதுக்கா! பிடிச்சுட்டுப் போயிருவான்!”

கோமதியின் கதவு திறந்தது. “அப்பா, அங்க எல்லாரும் குளிப்பாங்க. மேல்பக்கம் கல்லு நிறைய இருக்கிற இடம். எனக்குத் தெரியும்.”

“ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எல்லாக் கோடையிலும் போறேனே” என்றாள், ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே. எனக்குத் தெரியாமல் என் மகள் ஒரு ஆற்றில் வளர்ந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கோபப்படவும் தோன்றவில்லை. அவள் பின்னால் ஓடினேன்.

வீட்டிலிருந்து நடக்கிற தூரம்தான். மரங்களைத் தாண்டினால் அகலமாகக் கூழாங்கல் கரை. பச்சையாக, மலைத் தண்ணீர் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேளையிலேயே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் வயதானவர்கள், பிறந்த மேனிக்குச் சவுக்கியமாகப் படுத்துப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே அதற்கும் ஆற்றங்கரையில் தனி இடம் உண்டு. யாரும் யாரையும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நடு ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீரில், கட்டிய துண்டோடு, அந்தக் கூட்டத்திலேயே அதிகமாக உடுத்தியிருந்த மனிதராக நின்றார் அத்தான். தலையிலிருந்து மார்பு வரை சோப்பு நுரை. முகத்தில் ஒரு வாரமாகக் காணாத சிரிப்பு.

கரையில் ஒரு கிழவி நாயைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அத்தான் கும்பிட்டு, “குட் மார்னிங் அம்மா, குட் மார்னிங்” என்று பதில் சொல்லிக்கொண்டே இன்னும் நன்றாகத் தேய்த்தார். கோமதி ஷூவைக்கூடக் கழற்றாமல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

“மாமா, சோப்பு போடக்கூடாது! மீனுக்கு ஆகாது. யாரும் போட மாட்டோம்.”

அத்தானின் கை தலையிலேயே நின்றது. “தெரியாம செஞ்சிட்டேன் தாயி. யாரு ஆறு இது, கவர்மெண்டு ஆறா?”

“எங்க ஆறு மாமா” என்றாள் கோமதி.

அத்தான் அவளையே பார்த்தார். பிறகு சோப்பை டப்பாவில் போட்டு மூடி அவள் கையில் கொடுத்தார். கரையேறி வந்து, வாளி கிடைக்காததால் என் காப்பிக் குவளையில் தண்ணீர் மொண்டு, கல்லின் மேல் நின்று நுரையைக் கழுவிக்கொண்டார். நான் அலுவலகப் பையோடு ஓடிவந்திருந்தேன், குவளை அதில் இருந்தது. “எங்க ஆறுங்குதா, கேட்டியாலே மாப்ள?” என்றார் என்னிடம். அதட்டு வாங்கிய ஆள் பேசுகிற குரலாக இல்லை அது. யாரோ பரிசு கொடுத்ததுபோல் பேசினார்.

கோமதி கிழவியிடம் ஜெர்மனில் என்னவோ விளக்கினாள். கிழவி சிரித்துவிட்டார். “மாமா, உங்களுக்குக் குளிரலையான்னு கேக்காங்க.”

“மார்கழி விடியக்காலம் முங்குன ஒடம்புன்னு சொல்லு தாயி” என்று சொல்லிவிட்டு அத்தான் திரும்பவும் இறங்கினார். “அந்தத் தடுப்புக்கு அங்கிட்டுப் போவாதீங்க, இழுக்கும்” என்று பின்னாலிருந்து கத்தினாள் என் மகள். என் தமிழ் அது, ‘அங்கிட்டு’ உட்பட. எங்கே வைத்திருந்தாளோ.

6

டிக்கெட்டை மாற்றவில்லை. அன்று முதல் விடிந்ததும் இரண்டு பேரும் துண்டோடு கிளம்பிவிடுவார்கள். எங்கே ஆழம், எங்கே இழுப்பு, மழைக்கு மறுநாள் ஏன் இறங்கக்கூடாது என்றெல்லாம் கோமதி சொல்லுவாள். அத்தான் கடைக்கு வந்த புதுச் சரக்கைப் பார்க்கிற கவனத்தோடு கேட்டுக்கொள்வார். ஜெர்மனில் பேசிக் காட்டு என்று அவர் ஒருநாளும் கேட்கவில்லை. தண்ணீரைப் பற்றி மட்டும்தான் பேச்சு. நாய்க்காரக் கிழவி தினமும் கைகாட்டுவார்.

ஒருநாள் அக்காவும் போனாள். கரையில் படுத்திருந்தவர்களைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் சிரிப்பு. “இம்புட்டுப் பேரு துணி இல்லாம கெடக்காவ. நீங்க அம்பையில கடையைப் போட்டுட்டு யாவாரம் இல்ல யாவாரம் இல்லன்னு பொலம்புதிய!”

கிளம்புகிற நாளில், விமான நிலையத்தில், கோமதி கேட்டாள்: “மாமா, உங்க ஆத்துல இழுப்பு இருக்கா?”

“வந்து பாரு” என்றார் அத்தான். அவ்வளவுதான் சொன்னார். வா வா என்று ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. வாயைத் திறக்கப் போன என்னை அக்கா முழங்கையால் இடித்து அடக்கினாள்.

காரில் திரும்பி வரும்போது, பாலத்தின் மேல், “கிறிஸ்துமஸ் லீவுக்கு நானும் வாரேன்” என்றாள். நான் சாலையையே பார்த்துக்கொண்டு, சரி என்றேன். சந்தோஷத்தைக் காட்டினால் மனதை மாற்றிக்கொள்வாளோ என்று பயம்.

ஆகவே, மியூனிக் வருகிறவர்களுக்கு என் தலையாய யோசனை: துண்டு கொண்டு வாருங்கள். சோப்பை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

7

டிசம்பரில் போனோம். முதல் இரண்டு நாள் எனக்கு நிம்மதியே இல்லை. வீட்டுக்கு வந்தவர்களில் மூன்று பேராவது “ஜெர்மன்ல பேசிக் காட்டும்மா” என்றார்கள். கோமதி ஒன்றிரண்டு வார்த்தை சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது, இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, கோயில் ஒலிபெருக்கி ஆரம்பித்த கையோடு, அத்தான் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தார். “தாயி, துண்டை எடு.”

அக்கா கொடுத்த பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்த கோமதி, “இங்க இவ்வளவு துணியோடதான் குளிக்கணுமா?” என்றாள். “ஆமா, இங்கன அப்படித்தான்” என்று அக்கா சிரிக்காமல் சொன்னாள்.

படித்துறையில் நல்ல கூட்டம். மழைக்குப் பிறகு ஆறு நிறைந்து ஓடியது. ஆண்கள் இறங்குகிற படிக்கும் பெண்கள் இறங்குகிற படிக்கும் நாலு எட்டுதான் தூரம். அத்தான் சும்மா முங்கி எழுவதைப் பார்த்து ஒருவர், “என்ன அண்ணாச்சி, சோப்பு வாங்க வக்கில்லாமப் போச்சா?” என்றார். “மருமவ உத்தரவு” என்றார் அத்தான் பெருமையாக.

அப்போது பெண்கள் பக்கம் ஒரு அம்மாள் ஷாம்பூ பாக்கெட்டைப் பல்லால் கிழித்துத் தலையில் பிதுக்கிவிட்டு, காலி உறையை ஆற்றில் எறிந்தார். அது மிதந்து கோமதியிடம் வந்தது. அவள் எடுத்து அந்த அம்மாளிடமே நீட்டினாள். “ஆத்துல போடாதீங்க.”

“ஏ பிள்ள, எந்த ஊருக்காரி நீ? எங்க ஆத்துல நின்னுக்கிட்டு எங்களுக்கே சட்டம் சொல்லுத?”

படித்துறையே திரும்பிப் பார்த்தது. எனக்கு உயிர் போய்விட்டது. இப்போது ஏறிப் போய்விடுவாள், இனி ஜென்மத்துக்கும் வரமாட்டாள் என்று நினைத்தேன். கோமதி கழுத்தளவுத் தண்ணீரில் உறையை நீட்டியபடியே நின்றாள். தமிழைத் தேடுகிறாள் என்று தெரிந்தது.

“எங்க ஆறும்தான்” என்றாள்.

அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே கையை நீட்டி உறையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். “சரி தாயி, ஒங்க ஆறும்தான். பைய நில்லு, அங்கன பாசி வழுக்கும்.”

“கேட்டியாலே மாப்ள?” என்றார் அத்தான்.

கேட்டேன். கண் நிறைந்துவிட்டது. ஆற்றில் நிற்பதில் ஒரு வசதி, துடைக்க வேண்டியதில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினேன்.